ஒரே கம்பியில் ஏழு பேர்

நாட்டிய நாடகம் ஒன்றின் ஒத்திகையில், அந்திக் காட்சிக்காக மேடை விளக்குகள் பாதியளவுக்கு இறங்கியபோது, ஹெட்செட் அணிந்திருந்த ஏழு பேரின் காதிலும் வண்டு குடைவதுபோல் ஓர் இரைச்சல் எழுந்தது. அரை நிமிடம் நீடித்துவிட்டுத் தானாகவே அடங்கியது. மேடை நிர்வாகியான அம்மையார், விளக்கும் ஒலியும் திரையும் எப்போது மாற வேண்டும் என்ற குறிப்புகளை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். ஆனால் இடைவேளையில் என்னிடம் வந்து, "தம்பி, ஷோவுல இது வந்தா நான் 'கோ' சொல்றது யாருக்கும் கேக்காது. நாளன்னிக்குள்ள பார்த்துடுங்க" என்றார். சென்னை அரங்கு ஒன்றின் ஒலிப் பிரிவில் எனக்கு அப்போது ஒன்பது ஆண்டு அனுபவம். அந்த ஹெட்செட்களை இணைக்கும் இன்டர்காமின் கேபிள்களில் பாதிக்கு மேல் நானே சால்டரிங் செய்தவை. ஆகையால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றே நினைத்தேன்.

இந்த வகை இன்டர்காமைப் பார்ட்டி லைன் என்பார்கள். 1968-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய கிளியர்-காம் நிறுவனம் பரவலாக்கிய முறை இது. எங்கள் அரங்கில் இருந்ததும் அதே வழியில் இயங்குவதுதான். ஒலிவாங்கிக்குப் பயன்படும் அதே மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிள்தான் இதற்கும் போதும். முதல் பின் பொது இணைப்பு, இரண்டாவதில் ஏறத்தாழ 30 வோல்ட் நேர்மின்சாரம், மூன்றாவதில் எல்லோருடைய பேச்சும். இடுப்பில் மாட்டும் பெல்ட்பேக் ஒவ்வொன்றும் அந்த மூன்றாவது கம்பியில்தான் பேசுகிறது, அதிலேயே கேட்கிறது. இதன் எளிமையே இதன் தொல்லையும் ஆகும். ஒலிவாங்கிக் கேபிளில் ஒலி இரண்டு கம்பிகளில் சமநிலையில் செல்வதால், வெளியிலிருந்து புகும் இரைச்சல் பெரும்பாலும் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. இங்கே அந்த வசதி கிடையாது. மின்சாரம் திரும்பும் வழியும் ஒலி திரும்பும் வழியும் அதே முதல் பின்தான் என்பதால், அதில் வேறு எந்த மின்னோட்டம் நுழைந்தாலும் அது எல்லோர் காதிலும் ஒலியாகவே வந்து சேரும். எங்கே நுழைந்தது என்பதைக் கேட்டு அறிய முடியாது.

மறுநாள் காலை வழக்கமான முறையில் தொடங்கினேன். லைன்களுக்கு மின்சாரம் தரும் மையப் பெட்டியான மாஸ்டர் ஸ்டேஷனிலிருந்து பிரியும் லைன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் இரைச்சல் நிற்கிறது என்று பார்ப்பதுதான் அந்த முறை. ஆனால் நிற்பதற்கு இரைச்சலே வரவில்லை. காலி அரங்கில் இன்டர்காம் அமைதியாகவே இருந்தது.

இருந்தாலும் வேறொரு குறை கிடைத்தது. ஒரு லைனில் 200 ஓம் டெர்மினேஷன், அதாவது லைனை முடித்துவைக்கும் மின்தடை, ஓர் இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும்; அது மாஸ்டர் ஸ்டேஷனிலேயே இருக்கிறது. நடனக் குழுவினர் தங்கள் வசதிக்காகக் கொண்டுவந்து இணைத்திருந்த இன்னொரு ஸ்டேஷனிலும் அது போடப்பட்டிருந்தது. இரண்டும் சேர்ந்தால் 100 ஓம் ஆகிவிடும். பேச்சின் அளவு பாதியாகக் குறைந்துபோகும். எல்லோரும் பெல்ட்பேக்கில் ஒலியளவை உச்சத்தில் வைத்திருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அந்த ஸ்விட்சை அணைத்ததும் குரல்கள் தெளிவாகக் கேட்டன. இரைச்சலுக்கும் இதுவே காரணமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். உண்மையான ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில், தேடி வந்த குறை இதுதானா என்று கேட்கத் தோன்றவில்லை.

மாலை ஒத்திகையில், அதே அந்திக் காட்சியில், இரைச்சல் மறுபடியும் வந்தது.

விளக்குகள் பாதியில் இருக்கும்போது வருகிறது என்பதால், விளக்குகளின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்களைச் சந்தேகித்தேன். எங்கள் டிம்மர்கள் தைரிஸ்டர் என்னும் மின்னணு ஸ்விட்சால் இயங்கும் வகை. ஒளியைக் குறைப்பதற்கு அவை மின்னலையின் ஒவ்வொரு பாதியிலும் ஒரு பகுதியை வெட்டிவிடுகின்றன. அந்த வெட்டு மிகக் கூர்மையாக விழுவது 50 விழுக்காட்டை ஒட்டித்தான். அப்போது எர்த் கம்பிகளில் ஓடும் கசிவும் கரகரப்பானதாகிவிடும். ஒத்திகை முடிந்தபின் ஒளி இயக்குபவரிடம் சொல்லி எல்லா விளக்குகளையும் 50-இல் நிறுத்தச் செய்து, ஹெட்செட்டைக் காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அப்படியும் மனம் கேட்காமல், டிம்மர் அறைப் பக்கம் போகும் கேபிள்களையெல்லாம் இரண்டு மணி நேரம் செலவிட்டு வேறு வழியாக மாற்றிப் போட்டேன். அது முற்றிலும் வீண் வேலை.

அந்த வேலை முடிவதற்கும், திரை இழுக்கும் அண்ணன் டீ குடித்துவிட்டு மேலே ஏறுவதற்கும் சரியாக இருந்தது. மேடையின் பக்கவாட்டில், உயரத்தில் ஓர் இரும்பு நடைபாதை உண்டு. கயிறுகளெல்லாம் அங்கேதான் கட்டப்பட்டிருக்கும். விளக்குகள் இன்னும் பாதியில்தான் எரிந்துகொண்டிருந்தன. அவர் பெல்ட்பேக்கை இடுப்பில் மாட்டிக்கொண்டு, மறுநாளைக்காக மூன்றாவது கயிற்றைச் சரிபார்க்க நடந்தார். இரைச்சல் வந்தது. திரும்பி நடந்தார், நின்றது.

நான் மேலே ஓடிப்போய் விவரம் சொன்னதும் அவர் கொஞ்சமும் வியப்படையவில்லை. "மூணாவது கயிறுகிட்ட வந்தாலே இந்தச் சத்தம் வரும் தம்பி. லைட்டு டல்லா இருந்தா ஜாஸ்தியா வரும். போன வருசத்துலேருந்தே இருக்கு" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலையே" என்றார். அது உண்மைதான். இன்டர்காமில் அவர் பேசுவதே அரிது. மைக்கை அணைத்துவிட்டு, தயார் என்பதைப் பெல்ட்பேக்கின் அழைப்பு விளக்கை ஒருமுறை மின்னவைத்துத் தெரிவிப்பார். இரண்டு நாட்களாக நான் விசாரித்ததெல்லாம் கீழே இருந்தவர்களிடம், அதாவது சத்தமாகக் குறைப்பட்டுக்கொண்டவர்களிடம் மட்டுமே.

அவருடைய கேபிள் நீளம் போதாமல், நடுவில் இன்னொரு கேபிளைச் சேர்த்திருந்தோம். அவர் மூன்றாவது கயிற்றருகே போனால் கேபிள் விறைத்து, அந்த இணைப்பின் உலோகக் கூடு கைப்பிடிக் கம்பியின்மேல் உட்கார்ந்தது. அங்கே பச்சை பெயிண்ட் ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்து, இரும்பு பளபளத்தது. அந்திக் காட்சிக்கான திரையைத் தொங்கவிடுவது அதே மூன்றாவது கயிற்றில். அரை நிமிடம் அங்கே நிற்பார். பிறகு தன் இடத்துக்குத் திரும்பிவிடுவார்.

இணைப்பைப் பிரித்துக் கூட்டைத் திருகிக் கழற்றினேன். முதல் பின்னிலிருந்து கூட்டோடு சேரும் சிறிய தகட்டுக்கு, அரிசி நீளத்தில், ஈயம் பூசிய ஒரு துண்டுக் கம்பி போடப்பட்டிருந்தது. ஒலிவாங்கிக் கேபிள்களில் சிலர் அப்படிச் செய்வதுண்டு. எனக்குத் தொழில் பழக்கியவரும் செய்வார். அவரிடமிருந்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. இன்டர்காமில் செய்யக்கூடாது. கூடு கட்டடத்தின் இரும்பைத் தொட்டதும், மாஸ்டர் ஸ்டேஷனில் ஓர் எர்த், நடைபாதையில் இன்னோர் எர்த் என்று ஒரு வளையம் உருவாகி, டிம்மரின் கசிவு முதல் பின் வழியாக ஓடத் தொடங்கும். கூரான, சற்றே அதிகப்படியான ஈயத்தோடு முடியும் அந்த சால்டரிங்கைப் பார்த்தவுடனேயே அது என் கைவேலை என்று தெரிந்தது. அண்ணனிடம் அப்போது சொல்லவில்லை. கட்டரால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இணைப்பு இருந்தால் பீப் என்று ஒலிக்கும் மல்டிமீட்டரைக் கூட்டிலும் முதல் பின்னிலும் வைத்துப் பார்த்தேன், ஒலி எழவில்லை. கேபிளைக் கம்பியின்மேல் அழுத்திப் பிடித்தபோதும் ஹெட்செட் அமைதியாகவே இருந்தது.

அன்று இரவே எல்லா இன்டர்காம் கேபிள்களையும் கீழே பரப்பி, ஒவ்வொரு முனையிலும் மீட்டரை வைத்தேன். 23 கேபிள்களில் ஆறு பீப் என்றன. ஆறிலும் துண்டுக் கம்பியை வெட்டிவிட்டு, சரிபார்த்தவை எல்லாவற்றிலும் மஞ்சள் டேப் சுற்றித் தேதி எழுதினேன். பதிவேட்டின்படி மொத்தம் 24 இருக்க வேண்டும். மீதி ஒன்று வாடகைக்கு எடுத்த ஏதோ ஒரு குழுவோடு போய்விட்டது. இன்றுவரை திரும்பி வரவில்லை.