ஆற்றுக்கு இந்தக் கரையா, அந்தக் கரையா?

ஈரோட்டிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றல் என்பது உறுதியான அன்றே என் கணவர் கைப்பேசியில் வாடகை வீடு தேடத் தொடங்கிவிட்டார். இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த இடம், நல்ல தண்ணீர் என்று மூன்று நிபந்தனைகளைக் கொடுத்ததும் ஏறத்தாழ நாற்பது வீடுகள் வந்து விழுந்தன. புதுச் சுண்ணாம்பும் வழவழப்பான தரையுமாக எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருந்தன. அந்த வீடு ஆற்றுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் ஒரு விளம்பரமும் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது அப்போது எங்களுக்கும் தெரியாது.

வெளியூர்க்காரர்கள் திருநெல்வேலி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது தாமிரபரணியின் இரு கரைகளிலும் தனித்தனியாக வளர்ந்து பிறகு ஒன்றாக்கப்பட்ட ஊர்களின் தொகுப்பு. மேற்குக் கரையில் நெல்லையப்பர் கோயிலையும் ரத வீதிகளையும் சுற்றி டவுன். ரயில் நிலையத்தை ஒட்டி ஜங்ஷன். அதற்கு அப்பால் தச்சநல்லூர். கிழக்குக் கரையில் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், பாளையங்கோட்டை, பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர். நகரின் நடுவே இரண்டையும் இணைப்பது சுலோச்சன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக வேலை பார்த்த அவர், தம் சொந்தப் பணத்தைக் கொண்டு 1843-இல் கட்டி முடிக்கச் செய்த பாலம் அது. இப்போது பக்கத்திலேயே இன்னொரு பாலமும் இருக்கிறது. இருந்தும் காலை எட்டரை மணிக்கு வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் நிற்பவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் தோன்றும்.

என் வேலை கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில். நகருக்கு வடக்கே, மதுரை செல்லும் நான்குவழிச் சாலையில், டவுன் இருக்கும் அதே கரையில் அது இருக்கிறது. மகளுக்கு மூன்றாம் வகுப்பில் இடம் கிடைத்ததோ பாளையங்கோட்டையில். 1878-இல் தூய யோவான் கல்லூரியும், 1895-இல் சாராள் தக்கர் கல்லூரியும், 1923-இல் தூய சவேரியார் கல்லூரியும் தொடங்கப்பட்ட ஊரில் பள்ளிக்கூடங்களும் அந்தக் கரையிலேயே நெருங்கியிருப்பதில் வியப்பில்லை. ஆக, எங்கே குடியிருந்தாலும் எங்கள் வீட்டில் ஒருவர் தினமும் ஆற்றைக் கடந்துதான் ஆக வேண்டும். அது நானா, எட்டு வயதுப் பிள்ளையா என்பதுதான் தீர்க்க வேண்டிய கணக்கு. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் அவரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவரும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இரண்டு வார இறுதிகளில் வந்து தங்கி வீடு பார்த்தோம். முதல் வீடு ஜங்ஷன் அருகே மீனாட்சிபுரத்தில். நடந்து போகும் தூரத்தில் ரயில் நிலையம், மற்ற வீடுகளைவிடக் குறைந்த வாடகை, கொல்லைப்பக்கத்திலிருந்து வரும் ஆற்றுக்காற்று. உள்ளே நுழைந்து விளக்கைப் போடக் கை நீட்டிய என் கணவர், சுவரில் சுவிட்சுப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாமல் தடவிக்கொண்டே நின்றார். பெட்டி அவர் தலைக்கு மேலே இருந்தது. எல்லா அறைகளிலும் அப்படித்தான். கூடத்துச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்குக் கீழே மட்டும் வண்ணப்பூச்சு சிறு சிறு கொப்புளங்களாக எழும்பியிருந்தது. அடுக்களையில் குளிர்சாதனப் பெட்டி வைப்பதற்கென்று முழங்கால் உயரத்தில் சிமெண்டுத் திண்டு ஒன்று புதிதாகக் கட்டியிருந்தார்கள்.

வீட்டுக்கார ஆச்சி எதையும் மறைக்கவில்லை. "மார்கழி பொறந்த அன்னைக்கு வெள்ளம் வந்துச்சுல்லா, அதுக்குப் பெறவு எல்லாத்தையும் மேல ஏத்திட்டோம். பச்சப்புள்ளைய வச்சிருக்கீய, சொல்லாம விடக் கூடாதுல்லா" என்றார். அவர் சொன்னது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாட்கள் அவை. இங்கே தாமிரபரணி கரையைத் தாண்டி ஜங்ஷன் பகுதிக்குள்ளும் ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளும் புகுந்தது. 1992 நவம்பரிலும் இப்படித்தான் வந்தது என்று அவர் கணவர் திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். தரகர் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கோ அந்த ஆச்சியிடம் அன்று முழுக்க உட்கார்ந்து ஊரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

அவரிடம் கற்றுக்கொண்ட இரண்டு விஷயங்கள்தான் பிறகு பார்த்த எல்லா வீட்டுக்கும் உதவின. ஒன்று, பெயரைக் கவனிப்பது. சிந்துபூந்துறை, குறுக்குத்துறை என்று துறையில் முடியும் இடங்கள் ஆற்றில் இறங்கிக் குளிக்கும் இடங்கள். ஆற்றில் தண்ணீர் பெருகினால் முதலில் நனைவதும் அவைதான். குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்துக்கு வெள்ளம் மூழ்கி எழும் கோயில் என்பது ஊரறிந்தது. குளம் என்று முடிந்தால் அது குளமாகத்தான் இருந்திருக்கும். புதிய பேருந்து நிலையம் அமைந்துள்ள வேய்ந்தான்குளம் அதற்குச் சாட்சி. அரசு மருத்துவமனை இருக்கும் இடத்தை ஹைகிரவுண்ட் என்று வெள்ளைக்காரர்கள் காலத்துப் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். அந்தப் பெயரும் பொய் சொல்லவில்லை. 'நகர்' என்று முடியும் புதுக் குடியிருப்புகளில்தான் சிக்கல், ஏனென்றால் அந்தப் பெயரிலிருந்து எதுவும் தெரியாது. மனை போடுவதற்கு முன்னால் அங்கே வயல் இருந்ததா, இருந்தால் எந்தக் குளத்துப் பாசனம் என்று டீக்கடையில் வயதான ஒருவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, "பருப்பு வேகுமா?" என்று கேட்பது. போர்த் தண்ணீர் எப்படி என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் நன்றாக இருக்கும் என்றுதான் பதில் வரும். பருப்பு வேகுமா என்று கேட்டால் கீழ்வீட்டு அம்மா உண்மையைச் சொல்லிவிடுவார். மாநகராட்சி ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வருகிறது, அதைப் பிடித்து வைக்கத் தனித் தொட்டி உண்டா என்பது தனிக் கேள்வி. குளியலறைக் குழாயின் வாயிலும் வாளியின் உள்விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பெருமாள்புரத்தில் பார்த்த ஓர் அழகான மாடி வீட்டை நாங்கள் விட்டது இந்த வெள்ளைப் படிவுக்காகத்தான்.

டவுனில் தெற்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பார்த்த வீட்டைப் பற்றிக் கணவர் இன்றுவரை பெருமூச்சு விடுவார். திண்ணை, முற்றம், கல்கண்டு போன்ற கிணற்றுத் தண்ணீர், காலையில் கோயில் மணியோசை. அந்தச் சந்துக்குள் கார் நுழையாது, ஆனித் தேரோட்டத்தின்போது ரத வீதிகளில் வண்டியே ஓட்ட முடியாது என்பதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். கங்கைகொண்டானுக்குத் தச்சநல்லூர் வழியாகப் பாலமே ஏறாமல் போய்விடலாம் என்பதால் எனக்கு அது வசதிதான். ஆனால் திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு மகளையும் ஏற்றிக்கொண்டு அங்கிருந்து பள்ளிவரை ஆட்டோவில் போய்ப் பார்த்தோம். ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே ஒருமுறை, சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் ஒருமுறை, வண்ணார்பேட்டையில் இருமுறை என்று நின்று நின்று போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. முருகன்குறிச்சி வரும்போது பிள்ளை என் தோளில் தூங்கிவிட்டாள். ஆற்றைக் கடப்பது நான்தான் என்று அந்த ஆட்டோவிலேயே முடிவாயிற்று.

நான் கடப்பதற்கு வேறு வழி இருந்தது. கே.டி.சி. நகர் அருகே நான்குவழிச் சாலை ஏறினால் நகருக்குள் நுழையாமலே ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தாழையூத்து, கங்கைகொண்டான் என்று நேராகப் போய்விடலாம். எங்கள் நிறுவனத்துப் பேருந்தும் அந்த வழியில்தான் போகிறது. வரைபடத்தில் தூரம் அதிகம், கடிகாரத்தில் குறைவு. இந்தக் கணக்கு ஊருக்கு வெளியே வேலை கிடைத்து வரும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக வரும். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு வருபவர் பாளையங்கோட்டையில் வீடு பிடித்தால் தினமும் ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அவருக்குப் பேட்டையோ டவுனோ நல்லது. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கும் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துக்கும் வருபவர்கள் திருநெல்வேலி மாவட்டம் என்ற சொல்லை நம்பி நகரில் வீடு தேட வேண்டாம். அவர்களுக்கு வள்ளியூரும் நாகர்கோவிலும்தான் பக்கம்.

ஒரு கசப்பையும் எழுதிவிடுகிறேன். வீடு பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் "சொந்த ஊர் எது?" என்பதற்கு அடுத்த கேள்வி, "ஊர்ல எந்தத் தெரு?" என்பதாக இருந்தது. அது எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஈரோட்டிலும் இது உண்டு, கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இங்கே நேராகக் கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் எழுந்து வந்த வீடுகள் மூன்று. அவற்றில் ஒன்றில் பருப்பு நன்றாகவே வெந்திருக்கும்.

கடைசியில் மகாராஜநகரில் கீழ்த்தளம் ஒன்று அமைந்தது. உழவர் சந்தைக்கு நடந்து போகலாம், பள்ளிக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம். வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது என்று நான் பணிவாகச் சொன்னேன். "சட்டம் பேசுறவங்களுக்கு எப்படிம்மா வீடு கொடுக்க?" என்று அவர் சிரித்தார். ஐந்தில் வந்து நின்றது. நான் தோற்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிவிட்டேன். மின்சாரத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. மாடிக்கும் கீழுக்கும் ஒரே இணைப்பு, உள்ளே துணை மீட்டர் என்ற ஏற்பாட்டில் இரு வீட்டுப் பயன்பாடும் சேர்ந்து மேல் அடுக்குக் கட்டணத்துக்கு ஏறிவிடும். இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் யாருக்கு என்று தெரியாமல் போய்விடும். தனி மீட்டர் இருப்பதைப் பார்த்து, அதன் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே முன்பணம் கொடுத்தேன்.

இவ்வளவு விசாரித்தும் காற்றைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. நாங்கள் குடிவந்தது சித்திரை வெயிலில். ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கியது. குற்றாலத்தில் சாரல் என்று எல்லோரும் மகிழும் அதே காற்று இங்கே மழையை விட்டுவிட்டுப் புழுதியை மட்டும் கொண்டுவருகிறது. எங்கள் கூடத்தின் இரண்டு பெரிய ஜன்னல்களும் மேற்கே பார்த்தவை. ஆடி முழுவதும் சாப்பாட்டு மேசையை நாளுக்கு மூன்று முறை துடைத்தேன். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் சோற்றில் மண். நாங்கள் வருமுன் இந்த வீடு நான்கு மாதம் காலியாகக் கிடந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

ஒப்பந்தம் வரும் பங்குனியோடு முடிகிறது. வீட்டுக்காரர் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டிருக்கிறார். மேற்கு ஜன்னல்கள் இரண்டுக்கும் சட்டம் அடித்து வலை போட்டுக் கொடுத்தால் ஐந்நூறு தருவதாகச் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். கணவர் இதற்கிடையில் டவுன் சந்து வீடு இன்னும் காலியாக இருக்கிறதா என்று தரகரிடம் விசாரித்திருக்கிறார்; எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.