வாய்க்கு மூன்றே கோடு

மகள் சீனப் பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்ததிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு மாணவர்கள். ஒருத்திக்கு ஏழு வயது. இன்னொருவனுக்கு நாற்பத்தொன்று. மலேசியாவின் கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்குச் சீனம் என்றால் கடையில் 'கோப்பி ஓ' சொல்வதோடு சரி.

முதல் வாரமே 'வாய்' என்ற எழுத்து வந்தது. பார்த்தால் வெறும் சதுரம். ஒரே இழுப்பாகச் சுற்றிவிட்டு, "முடிஞ்சுது பாரு" என்றேன். பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்படி இல்லப்பா, மூணு." இடப்பக்கம் மேலிருந்து கீழே ஒன்று. அடுத்தது மேல்கோடு; வலது மூலைக்குப் போனதும் கையெடுக்காமல் அப்படியே மடங்கிக் கீழே இறங்க வேண்டும், அது முழுக்க ஒரே கோடு. கடைசியில் அடிக்கோடு. நாலு பக்கச் சதுரத்துக்கு மூன்று கோடுதான் என்பதை என் மண்டை ஏற்க இரண்டு நாள் ஆனது.

வீண் வீம்பு என்றுதான் நினைத்தேன், அகராதியைத் திறக்கும்வரை. 'சாப்பிடு' என்ற எழுத்தைத் தேட வேண்டும். அதன் இடப்பக்கத்தில் ஒரு குட்டி வாய் இருக்கிறது. முதலில் வாயைக் கண்டுபிடித்து, மீதிப் பகுதியில் எத்தனை கோடு என்று எண்ணி, அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும். நான் பழக்கதோஷத்தில் நாலு கோட்டு எழுத்துறுப்புகளின் பட்டியலில் வாயைத் தேடிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள்.

மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்குக்கோடு முந்தி, நெட்டுக்கோடு பிந்தி. இவ்வளவும் சுலபம். 'சிறிய' என்ற எழுத்தில்தான் சறுக்கும்: நடுக்கோடு முதலில், பிறகுதான் இரண்டு பக்கமும். 'நாடு' எனக்குப் பிடித்தது. மூன்று பக்கச் சுவர் எழுப்பி, உள்ளே 'பச்சைக்கல்' என்ற எழுத்தை எழுதி முடித்துவிட்டு அப்புறம் அடிக்கோட்டை இழுக்க வேண்டும். ஆள் உள்ளே போன பிறகுதான் கதவைச் சாத்தணும் என்று லாவ்ஷி, அதாவது அவள் சீன ஆசிரியர், சொல்லிக் கொடுத்தாராம்.

நம்ம எழுத்துக்கு யார் இப்படிக் கேட்டார்கள்? என் தமிழாசிரியர் எழுத்து குண்டு குண்டாக இருக்கிறதா, கோழிக் கிறுக்கலா என்று மட்டும் பார்ப்பார்.

பிறகு 'அரசன்' வந்தான், மானம் போயிற்று. மூன்று குறுக்குக்கோடு, நடுவில் ஒரு நெட்டுக்கோடு. வீட்டுப்பாடத்தில் கட்டத்துக்கு ஒரு கோடாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்: முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, இப்படி. நான் கெட்டிக்காரத்தனமாக யூடியூபில் ஒரு வீடியோ பார்த்து, மேல்கோடு, நெட்டுக்கோடு, நடுக்கோடு, அடிக்கோடு என்று சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் இரண்டாவது கட்டத்தில் சிவப்பு மை. அது ஜப்பானிய வீடியோ! அவர்கள் மேல்கோடு போட்டதும் நெட்டுக்கோட்டை இறக்கிவிடுகிறார்கள். சீனத்தில் மேல், நடு இரண்டையும் போட்டுவிட்டுத்தான் நெட்டுக்கோடு. ஒரே எழுத்து, ஊருக்கு ஒரு வரிசை. சீன அரசு 1997இல் 7000 எழுத்துகளுக்கு இதுதான் வரிசை என்று பட்டியலே போட்டிருக்கிறது. "அப்பா சொன்னாரு" என்று வகுப்பில் சொல்லிவிட்டாளாம்.

அதிலிருந்து நானும் ஒரு கட்டம்போட்ட நோட்டு வாங்கிவிட்டேன். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கூட்டல்குறி மாதிரி புள்ளிக்கோடு. எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும். இப்போது 'பள்ளம்' என்ற எழுத்தில் நிற்கிறேன். பார்க்கவும் பள்ளமேதான், நடுவில் அமுங்கிய பெட்டி. ஓரங்களை எண்ணினால் எட்டு. கோடு ஐந்தே ஐந்து. எது எங்கே மடங்குகிறது என்று பேனாவைக் காற்றிலேயே மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தாளில் வைக்கிறேன்.

நேற்று ராத்திரி தற்செயலாக அவள் நோட்டுப் பக்கம் கண் போனது. 'நாடு' எழுதுகிறாள். சதுரத்தை நாலு பக்கமும் மூடிவிட்டு, உள்ளே பச்சைக்கல்லைத் திணிக்கிறாள்.

"ஏய், கதவு!"

"லாவ்ஷிக்குத் தெரியாதுப்பா, எழுதி முடிச்சா ஒரே மாதிரிதான் இருக்கும்."

ரப்பரை அவள் பக்கம் தள்ளினேன். முறைத்துக்கொண்டே அழித்தாள்.