பெரும்பாக்கத்தில் ஒரு வாசிப்பு அறை

சென்னையின் தெற்கே உள்ள பெரும்பாக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு நூலகம் தொடங்க நாங்கள் ஐந்து பேர் முடிவு செய்தபோது, புத்தகம் சேர்ப்பதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்தோம். அது ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளின் நாளில் ஒரு மணி நேரத்தைத் தேடி எடுப்பதற்குத்தான் ஓராண்டு பிடித்தது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்த பல ஆயிரம் குடும்பங்கள், அப்போது குடிசை மாற்று வாரியம் என்று அழைக்கப்பட்ட அமைப்பு கட்டிய பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. வாரியத்தின் பெயர் 2021இல் மாறிவிட்டது. மக்கள் இன்னமும் போர்டு வீடு என்றுதான் சொல்கிறார்கள். பழைய இடத்தில் நடந்துபோய்ச் செய்த வீட்டு வேலைக்கும் அலுவலகத் துப்புரவு வேலைக்கும் இப்போது தாய்மார்கள் விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, விளக்கு வைத்த பிறகு திரும்புகிறார்கள். அதுவரை தம்பி தங்கையைப் பார்ப்பதும் உலை வைப்பதும் தண்ணீர் பிடிப்பதும் மூத்த பெண்ணின் பொறுப்பு. கீழே உள்ள திடலும் படிக்கட்டு முகப்பும் பையன்களுடையவை. வயதுக்கு வந்த பெண் அங்கே பத்து நிமிடம் நின்றாலும் பேச்சு வந்துவிடும்.

குடியிருப்போர் சங்கம் ஒன்று தரைத்தளத்தில் பூட்டிக் கிடந்த ஓர் அறையைக் கொடுக்க முன்வந்தது. அனுமதிக் கடிதத்துக்காக அலைந்த கதை நீளமானது. ஒவ்வொரு முறையும் மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன். புத்தகம் கேட்டுத் தகவல் அனுப்பியபோது வந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் பழைய பாடத்திட்ட நோட்ஸ்களும் கணினிக் கையேடுகளும் இருந்தன. அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அலமாரி நிறையத் தேவையில்லாத புத்தகங்கள் இருந்தால் வரும் பிள்ளை மறுமுறை வராது என்பது சில வாரங்களிலேயே புரிந்தது. பிறகு பணமாகவே கேட்டு வாங்கி, நந்தனம் புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடியில் நாங்களே தேர்ந்தெடுத்தோம். எட்டாம் வகுப்பில் இருந்துகொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெண்ணுக்குச் சின்னக் குழந்தைகளின் படக்கதையைக் கொடுத்தால் கூச்சப்படுகிறாள். எளிய வரிகளில், அவள் வயதுக்குத் தகுந்த விஷயம் உள்ள புத்தகங்களைத் தேடிப் பிடித்தோம்.

2022 ஜூனில் அறை திறந்தது. முதல் மாதம் வந்தவர்கள் பெரும்பாலும் ஆறேழு வயதுக் குழந்தைகள். பெரிய பெண்களைக் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி மாடியாக ஏறித் தாய்மார்களிடம் கேட்டோம். ஆறாவது மாடியில் ஓர் அம்மா காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "படிக்கறது நல்லதுதான்மா. ஆனா கதவு சாத்தின ரூமுக்குள்ள யார் இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அன்றே ஜன்னல் திரையைக் கழற்றினோம். நூலக நேரம் முழுவதும் கதவு திறந்தே இருக்கும் என்று எழுதி ஒட்டினோம். அதே பிளாக்கில் பத்தாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண்மணியை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தினோம். நாங்கள் செய்ததிலேயே சரியான காரியம் அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். எந்தப் பெண் எந்த மாடி, யாருடைய மகள் என்பது அவருக்குத் தெரியும். தம்பி தங்கையைக் கூட்டிவரக் கூடாது என்ற விதியையும் எடுத்துவிட்டு, மூலையில் ஒரு பாய் விரித்தோம். இடுப்பில் குழந்தையோடு வந்தவள் அதைப் பாயில் இறக்கிவிட்டுப் புத்தகத்தை எடுத்த பிறகுதான் அந்த அறை நூலகமாயிற்று.

மோட்டார் பழுதான நாள்களில் லாரித் தண்ணீர்தான். ஒரு நாள் மாலை வாசலில் பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, தங்கள் முறை வரும்வரை உள்ளே வந்து படித்துக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி உட்காரவே இல்லை. அலமாரியில் தோளைச் சாய்த்து, ஒரு காலை மற்றொரு கால்மேல் ஊன்றி, விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டு நின்றாள். "தண்ணி வந்துடுச்சு!" என்ற குரல் கேட்டதும் பக்கத்தில் விரலை வைத்தபடியே மூடி, "அக்கா, இத மேல எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள். அதுவரை புத்தகம் தொலைந்துவிடும் என்று பயந்து வீட்டுக்குக் கொடுக்காமல் இருந்தோம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அது புத்தகங்களை ஒழுங்காக அடுக்கிவைப்பது பற்றிய விதி என்றே நான் எண்ணியிருந்தேன். அவளுக்கு மிச்சமிருந்த நேரமோ இரவு எல்லாரும் தூங்கிய பிறகு மட்டும்தான். அப்போது புத்தகம் அவள் வீட்டில் இருக்க வேண்டும். மறுநாள் முதல் ஆளுக்கு இரண்டு புத்தகம், இரண்டு வாரம், அபராதம் கிடையாது என்று மாற்றினோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அறைக்குள் தண்ணீர் புகுந்து கீழ்த்தட்டுகள் இரண்டும் மூழ்கின. மின்சாரம் இல்லாததால் மின்விசிறி போட முடியவில்லை. நனைந்த புத்தகங்களின் தாள்களுக்கிடையே செய்தித்தாளைச் செருகி, மூன்றாம் மாடி நடைபாதைக் கொடிகளில் துணியோடு துணியாகத் தொங்கவிட்டோம். வழவழத் தாளில் அச்சிட்டவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. அந்த வாரம், லிஃப்ட் ஓடாத படிக்கட்டுகளில் பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி வந்து, தாங்கள் எடுத்துப்போயிருந்த புத்தகங்களைக் கொடுத்தார்கள். எல்லாம் காய்ந்தபடியே இருந்தன. அவற்றை மேல்தட்டில் வைத்துத்தான் ஜனவரியில் மறுபடி திறந்தோம்.

அலமாரியில் சாய்ந்து நின்ற அந்தப் பெண்தான் இப்போது சனிக்கிழமைகளில் பதிவேட்டை எழுதுகிறாள். புத்தகம் தாமதமாக வந்தால் காரணத்தைக் கடைசிக் கட்டத்தில் குறித்துவைப்பது அவளாகத் தொடங்கிய வழக்கம். போன வாரம் பார்த்தபோது மூன்று வரிசைகளில் ஒரே காரணம் இருந்தது: 'அம்மா படித்துக்கொண்டிருக்கிறார்.'