உவர்மலையில் ஒரு என்ஜின்எக்ஸ்

வலைப்பக்கங்களை அனுப்பும் சேர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸோடு, அவற்றைச் சுருக்கி அனுப்ப உதவும் பிரோட்லி சேர்ந்து வருவதில்லை. அதனால் உவர்மலை வீட்டுக் கணினியில் மூலநிரலில் இருந்தே கம்பைல் செய்கிறேன், அதாவது ஓடும் நிரலாக மாற்றுகிறேன்.

தேவையானவை இருக்கின்றனவா என்று பார்க்கும் கன்ஃபிகர், முதலில் எழுத்துக் கோலங்களைப் பொருத்திப் பார்க்கும் பிசிஆர்இ நூலகம் இல்லையென்று நிற்கும். நூலகம் மட்டும் போதாது, டெவ் பொதியும் வேண்டும். கம்பைலுக்கு வேண்டிய ஹெடர் கோப்புகள் அதில்தான் இருக்கும். குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லுக்கும் இதே கதை.

பிரோட்லி மொடியூலை டைனமிக்காக, அதாவது தனிக் கோப்பாகக் கட்டுவதுதான் எனக்குப் பிடிக்கும், சேர்வர் நிரலில் கைவைக்கத் தேவையில்லை. ஆனால் மூலநிரலின் பதிப்பு எண் ஓடும் என்ஜின்எக்ஸோடு அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். இணக்கத்துக்கான 'வித்-கொம்பட்' தெரிவைப் போட்டாலும் அதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. என்ஜின்எக்ஸைப் பெரிய 'வி' போட்டு ஓட்டினால் அதைக் கட்டிய பழைய தெரிவுகள் எல்லாம் வரும், அப்படியே பிரதி எடுத்தால் சரி.

கம்பைலை நடத்தும் மேக் ஓடும்போது விசிறி இரைகிறது. "தம்பி, கரண்ட் பில்லை ஆர் கட்டுறது?" என்கிறார் அம்மா. நியாயம்தான். ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறைத்தால் சத்தம் அடங்கும், நேரம்தான் இழுக்கும்.