புளியந்தீவுக்கு வயது என்ன?

நேற்று இரவு எட்டு மணிக்குத்தான் எங்கள் ஊர் காரைதீவில் வந்து இறங்கினோம். கால் வலி இன்னும் போகவில்லை. அந்த ஆட்டோக்காரர் மேல் வந்த கோபமும் போகவில்லை. இரண்டும் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று விடிந்ததுமே உட்கார்ந்துவிட்டேன்.

பயணத்துக்குக் காரணம் அக்காவின் மகள். தரம் பத்தில் படிக்கிறாள். வரலாற்றுப் பாடத்துக்கு ஓர் ஒப்படை செய்ய வேண்டும். அட்டையில் வண்ணப் பேனையால் தலைப்பை எழுதி முடித்துவிட்டாள்: ‘மட்டக்களப்பு நகருக்கு 400 ஆண்டு’. நகரின் மையமான புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். ஆகவே 2028இல் நகருக்கு 400 வயது என்பது அவள் கணக்கு. “சின்னம்மா, கோட்டையைப் பார்க்காமல் அதைப் பற்றி எப்படி எழுதுவது?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பாடசாலை விடுமுறை, கையில் 4,000 ரூபாய், இரண்டு பேர், ஒரு பகல். கிளம்பிவிட்டோம்.

போகும்போது ஏறியது தனியார் பஸ். கல்முனையில் இருபது நிமிடம் அசையாமல் நின்றது. பிறகு களுவாஞ்சிகுடிக்குள் வரும் வரை, வீதியில் யாராவது கையை உயர்த்திச் சோம்பல் முறித்தால்கூட நின்றது. காத்தான்குடியை எட்டும்போது கதவுப் படியில் ஆறு பேர் தொங்கினார்கள். டிக்கெட் இருவருக்கும் 380 ரூபாய். 500 கொடுத்தேன். “மிச்சக் காசு இறங்கும்போது தருகிறேன் அக்கா” என்றார் நடத்துநர். இறங்கும்போது அவர் முன்கதவில், நாங்கள் பின்கதவில், பஸ் நகர்ந்துவிட்டது. 120 ரூபாய் பெரிய தொகை இல்லை என்பவர்கள் ஒரு நாளைக்கு 4,000 ரூபாயோடு இரண்டு பேராகப் பயணம் போய்ப் பார்க்க வேண்டும். சில்லறையாகவே கொண்டு போங்கள், ஏறியவுடன் கணக்கை முடித்துவிடுங்கள்.

பஸ் நிலையத்திலிருந்து கோட்டைக்கு ஆட்டோவே தேவையில்லை, நடக்கலாம். கோட்டையைக் கண்டதும் பிள்ளைக்கு ஏமாற்றம். “இவ்வளவு சிறியதா?” என்றாள். சிறியதுதான். காலிக் கோட்டையை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். நான்கு மூலைக் கொத்தளங்கள். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. தீவுக்குள் இன்னொரு தீவாக அதை வெட்டியெடுத்திருக்கிறார்கள். மதிலோரம் நின்று வாவியைப் பார்த்தால், எதிரி எந்தப் பக்கத்தால் வந்தாலும் தோணியில்தான் வர வேண்டும் என்பது விளங்கிவிடும்.

அப்படி வந்த எதிரியிடம்தான் பத்தே ஆண்டில் கோட்டை விழுந்தது. 1638 மே மாதம் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட், கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் படையோடு சேர்ந்து போர்த்துக்கேயரை வெளியேற்றினார். இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதல் கோட்டை இது. அதே மாதம் 23ஆம் திகதி அரசனுக்கும் ஒல்லாந்தருக்கும் ஒப்பந்தம் எழுதப்பட்டதும் இந்த ஊரில்தான். பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது அரசன் விரும்பினால் மட்டுமே என்ற பொருள்படும் சொற்கள் அரசனின் பிரதியில் இருந்தன, ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. சில சொற்களை விட்டுவிட்டதால் கரையோரம் கைமாறிய கதை அது. கொழும்பையும் காலியையும் பேசுகிற பாடப்புத்தகங்கள் இந்த இடத்தை இரண்டு வரியில் கடந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

மர நிழலில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். கோட்டைக்குள் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், இயங்கிய காலத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக வேலை பார்த்தவராம். பிள்ளையின் கையில் கொப்பியைக் கண்டதும், “வா மனே, இங்கே இரு. என்ன எழுதுகிறாய்?” என்றார். 400 ஆண்டு என்றதும் சிரித்தார்.

“நான் தினமும் கந்தோருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டிலிருந்து வருவேன். கந்தோர் ஒல்லாந்தன் சொல். வந்து உட்காருகிற கதிரை பறங்கிச் சொல், போர்த்துக்கேயனுடையது. காலில் போட்ட சப்பாத்தும், காலையில் தின்ற பாணும் பறங்கியே. வேலை செய்த இடத்துக்குக் கச்சேரி என்ற பெயர் வெள்ளைக்காரனோடு வந்தது. எல்லாம் இந்த நான்கு மதிலுக்குள். ஆனால் வாவிக்கும் வயலுக்கும் தோணிக்கும் யார் பெயர் வைத்தார்கள்? அதை எழுது.”

பிள்ளை எழுதிக்கொண்டாள். நான் வியந்துபோய் நின்றேன். போர்த்துக்கேயர் போய் மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும், இந்த நகரில் அவர்கள் வழிவந்த பறங்கியர் சிலருடைய வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி இன்னும் பேசப்படுகிறது. 1628ஐப் பார்க்க வேண்டுமானால் மதிலைவிட அந்த வீடுகளுக்குத்தான் போக வேண்டும். அழைப்பில்லாமல் ஒருவருடைய வீட்டுக்குள் நுழைய முடியாதே.

அங்கிருந்து மட்டக்களப்பு வாயில். வாவிக்கரையில் நிற்கும் சிறிய வளைவு. அருகே வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை. 1814இல் வந்திறங்கினார், ஆங்கிலப் பாடசாலை தொடங்கினார், அடுத்த ஆண்டு ஏப்ரலில் இங்கேயே இறந்தார். ஓராண்டுகூட முழுதாக வாழாதவர் தொடங்கியது, இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியாக 200 ஆண்டைக் கடந்து நிற்கிறது. பாடசாலைக்குப் பிறந்த ஆண்டு தெளிவாக இருக்கிறது, கொண்டாடுகிறார்கள். ஊருக்கு அப்படி ஓர் ஆண்டு உண்டா என்ற சந்தேகம் எனக்கு அந்தக் கரையில்தான் வலுத்தது.

ஏனென்றால் 1602 இருக்கிறதே! அந்த ஆண்டு மே மாத இறுதியில் ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பேர்கன் இந்தக் கரைக்கு அப்பால் நங்கூரம் போட்டார். மிளகும் கறுவாவும் தேடி வந்தவர். இங்கிருந்துதான் கண்டிக்குப் போய் அரசன் முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டார். கோட்டைக்கு 26 ஆண்டு முன்னால் வந்தவரை வரவேற்கவும் விசாரிக்கவும் இங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். பிறகு எப்படி 1628 ஊரின் பிறந்த ஆண்டாகும்?

இதைச் சொன்னதும் கப்பல் நின்ற பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தாள். வெளிச்சவீட்டுக்குப் போக ஆட்டோ பிடித்தோம். போய், அரை மணி நேரம் நின்று, திரும்பிக் கல்லடிப் பாலத்தடியில் இறக்கிவிட 1,500 ரூபாய் என்று பேசி, அவர் தலையாட்டி, அதன் பிறகுதான் ஏறினோம்.

பாலமீன்மடு வெளிச்சவீடு 1913இல் கட்டியது. 28 மீற்றர் உயரம். எனக்கு அதைவிடப் பிடித்தது முகத்துவாரம். வாவி கடலைத் தொடும் இடத்தில் நீரின் நிறம் மாறுவதைக் கண்ணாலே பார்க்கலாம். பெரிய கப்பல் உள்ளே வர முடியாது, வெளியே நின்று ஆளனுப்பித்தான் பேச வேண்டும் என்பதை அங்கே நின்றால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கல்லடியில் இறங்கியதும் ஆட்டோக்காரர் 2,300 கேட்டார். காத்திருந்த நேரத்துக்குத் தனிக் காசாம். பேசியது 1,500 என்றேன். “அது போகிறதுக்கு மட்டும் தங்கச்சி” என்றார். வீதியில் நின்று கால் மணி நேரம் வாதாடினேன். பிள்ளையின் முகம் சுருங்கிப்போவதைக் கண்டு 2,000 கொடுத்துவிட்டேன். அந்த மேலதிக 500 ரூபாயை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. வெளியூர் ஆள் என்று கண்டால் இப்படித்தான் என்றால், இந்த ஊரைப் பார்க்க வாருங்கள் என்று நான் யாருக்கு எழுதுவது? கையில் 1,500 மிஞ்சியது. திரும்பும் பஸ்ஸுக்கு 380 ஒதுக்கி வைத்தேன்.

கோபத்தோடு சாப்பிடப் போனவளைச் சமாதானப்படுத்தியது கல்லடியில் ஒரு வீட்டுக் கடை. முன் விறாந்தையில் மூன்று மேசை, அவ்வளவுதான். சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலைச் சுண்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, வாவி இறால் கறி. காலையில் வலையிலிருந்து வந்த இறாலாம். ஓடு மெல்லியது, சதை இனிப்பு. குழம்பில் தேங்காய்ப்பாலும் பழப்புளியும் ஒன்றையொன்று அடக்காமல் சேர்ந்திருந்தன. இரண்டாம் முறை சோறு போட வந்த அம்மா எங்களைக் கேட்கவில்லை, போட்டுவிட்டார். கடைசியில் மண்சட்டியில் எருமைத் தயிர், மேலே சீனி. சட்டியைச் சாய்த்தாலும் தயிர் சாயவில்லை. மட்டக்களப்பார் வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்வார்கள். அந்தத் தயிரைத் தின்றவர்கள் மந்திரத்தைத் தேட மாட்டார்கள். இருவருக்கும் 1,000 ரூபாய். ஒரு சதமும் அதிகமில்லை.

பிறகு சுவாமி விபுலாநந்தரின் சமாதி. காரைதீவார் எங்களுக்கு இது கடமை. 1892இல் எங்கள் ஊரில் பிறந்த மயில்வாகனம், இந்தப் பட்டினத்தின் புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, துறவியாகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகி, 1947இல் தமிழிசை ஆய்வு நூலான யாழ்நூலை வெளியிட்ட சில வாரங்களில் மறைந்து, 1929இல் தொடங்கிய சிவானந்தா வித்தியாலயத்தின் அருகே உறங்குகிறார். பொறித்திருக்கும் பாடலைப் பிள்ளை வாய்விட்டுப் படித்தாள். நான் பேசாமல் நின்றேன்.

மாலையில் பழைய பாலம். 1924இல் திறந்து லேடி மனிங் என்று பெயர் வைத்தார்கள். யாரும் அப்படி அழைப்பதில்லை, கல்லடிப் பாலம்தான். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தபின் இரும்புப் பாலத்தில் நிம்மதியாக நடக்கலாம். பௌர்ணமி இரவில் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். நாங்கள் போனது பௌர்ணமி அல்ல. பாலத்தில் நின்று பிள்ளைக்கு என் அம்மம்மா சொன்ன கதையைச் சொன்னேன். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலை இடிக்க வந்த பறங்கித் தளபதி, “உங்கள் கல் மாடு புல் தின்னுமா?” என்று கேட்டானாம். கல் நந்தி எழுந்து புல்லைத் தின்றதாம்.

“அப்படியென்றால் பறங்கி வரும்போதே கோயில் இருந்ததா?”

“அம்மம்மா அப்படித்தான் சொன்னா.”

கல்லடியில் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது. நடத்துநர் கேட்காமலே 120 ரூபாய் மிச்சக் காசை எண்ணித் தந்தார். ஆரையம்பதி தாண்டும்போது பிள்ளை அட்டையை மடியில் வைத்து, ‘நகருக்கு’ என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே ‘கோட்டைக்கு’ என்று எழுதினாள். பஸ் குலுங்கியதில் எழுத்து கோணலாகிவிட்டது.

“ஊருக்கு எத்தனை வயது என்று ரீச்சர் கேட்டால்?”

“1602இல் வந்தவனைக் கேட்கச் சொல்லு” என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.