கைடும் கண்ணகி நகர் பேருந்தும்

முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில், கைடை மாற்றிவிடலாமா என்று ஆறு மாதம் தவித்தேன்.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை நகரத்தை எப்படி மாற்றியது என்பதுதான் என் ஆய்வு. 2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பிறகு சிறுசேரி வரை ஐடி வளாகங்கள் எழுந்தன. செயற்கைக்கோள் படங்களும் நிலத்தின் விலையும் போதும் என்றார் கைடு.

எனக்குப் போதவில்லை. அதே 2000த்தில்தான் அதே சாலையை ஒட்டித் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரும் உருவானது. நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை அங்கே குடியமர்த்தினார்கள். செயற்கைக்கோள் படத்தில் டைடல் பார்க்கும் கண்ணகி நகரும் ஒரே நிறம்தான்: கட்டடப் பரப்பு. விடியற்காலையில் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றால்தான் வித்தியாசம் தெரியும். முன்பு நடந்துபோன வீட்டு வேலைக்கு இப்போது இரண்டு பஸ் மாறிப் போகும் அக்காக்களை அங்கேதான் சந்தித்தேன். வேலைக்கு மனுப் போடும்போது கண்ணகி நகர் என்று எழுதினால் கூப்பிடமாட்டார்கள் என்று துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதிய ஒரு பெண்ணையும்.

"இதெல்லாம் கதைம்மா, டேட்டா இல்லை" என்றார் சார்.

கைடை மாற்றுவதற்கு அவரிடமே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். புதியவரிடம் இடம் காலியாக இருக்க வேண்டும். உதவித்தொகையோ ஐந்து ஆண்டுதான். அதனால் மாற்றவில்லை. பயண நேரம், பஸ் கட்டணம், தூரம் எல்லாவற்றையும் அட்டவணையாக்கி ஆய்வுக்குழுக் கூட்டத்தில் வைத்தேன். "இந்த வளாகங்களைக் கூட்டித் துடைப்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?" என்று வெளியிலிருந்து வந்த உறுப்பினர் கேட்டார். அப்புறம்தான் அது ஒரு அத்தியாயமானது.

சார் கெட்டவர் இல்லை. அந்தப் படங்களைப் படிக்கவே அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஆனால் அந்த அத்தியாயம் கட்டுரையாக வெளிவந்தபோது அவர் பெயர்தான் முதலில் இருந்தது. அச்சுக்குப் போகும் முன்பே எனக்குக் காட்டினார். "சரி சார்" என்றேன். அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது இன்னும் வலிக்கிறது.

அதைவிட வலிப்பது, அந்தக் கட்டுரையில் அட்டவணைகள் மட்டும் இருக்கின்றன, அக்காக்கள் சொன்ன ஒரு சொல்கூட இல்லை என்பது. அவர்கள் பேச்சை முழுசாக எழுத, இந்த ஆண்டு மறுபடி அந்த நிறுத்தத்துக்குப் போய்வருகிறேன்.