மண்டையோட்டின் நிழல்
திருகோணமலையில் எக்ஸ்-கதிர்ப் பிரிவொன்றில் பணியாற்றும் எனக்கு, மண்டையோட்டின் பக்கவாட்டுப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், 2004 ஆழிப்பேரலையின்பின் அடையாளம் காணப்படாமலே புதைக்கப்பட்டவர்களின் நினைவு எழும். காதுக்குப் பின்னால் கீழ்நோக்கி நீளும் எலும்பு முனைப்பும், புருவங்களுக்கு நடுவிலுள்ள மேடும், பிடரிப் புடைப்பும் ஆண்களில் பொதுவாகப் பெரிதாக இருப்பதால், அவற்றின் நீளத்தையும் கோணத்தையும் படத்தில் அளந்து, சூத்திரமொன்றில் இட்டு, இறந்தவர் ஆணா பெண்ணா என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான், தீர்ப்பன்று; இடுப்பெலும்பு கிடைத்தால் நான் அதையே முதலில் நம்புவேன். பருவமடையாத பிள்ளைகளில் இவ்வேறுபாடுகள் தெளிவாக இருப்பதில்லை. வேற்று நாட்டவரின் அளவுகளிலிருந்து பெற்ற சூத்திரத்தை நம்மவர்மீது அப்படியே பொருத்தினால், சிறிய உடல்வாகுள்ள ஆணின் மண்டையோடு பெண்ணுடையதாகக் கணிக்கப்படலாம். நெற்றியெலும்புக்குள் உள்ள காற்றறையின் விளிம்போ ஆளுக்காள் வேறுபடுவதால், பீனிசத்துக்காக (காற்றறை அழற்சிக்காக) எப்போதோ எடுத்த படம் காணாமற்போனவரின் வீட்டு அலுமாரியில் கிடைத்தால், மண்டையோட்டின் படத்தோடு ஒப்பிட்டு ஆளையே அடையாளம் காண அது உதவும்.